சித்திரை வெயிலும் சரியும் பனியும்

"அங்கயும் வெயில் வந்துருச்சுங்கிற. பனி தானா கரைஞ்சு போயிடுமே, இன்னும் என்னப்பா பயம்?"

சித்தப்பா கேட்டது சுருக்கென்றது. லீவில் திருவையாறு பக்கம் ஊருக்கு வந்திருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து கைபேசியில் கனடாவின் பான்ஃப் மலைப்பகுதியின் பனிச்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வசிக்கும் கால்கரியில் என் கூட்டாளிகள் மறுநாள் பனிச்சறுக்குக்காக மலைக்குப் போகிறார்கள். மனசு அங்கேயே கிடந்தது.

அவரைக் குறை சொல்ல முடியாது. வாசலில் அம்மா பிழிந்த வடாம் காய்ந்துகொண்டிருந்தது. நெல்லோ உளுந்தோ வடாமோ, வெயில் அடித்தால்தான் நமக்குக் காரியம் நடக்கும். ராக்கி மலைகளிலோ பங்குனி, சித்திரை வெயிலுக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

விளக்க ஆரம்பித்தேன். அங்கே பனி ஒரே கட்டியாகக் கிடப்பதில்லை. குளிர்காலம் முழுக்கப் பெய்தது அடுக்கடுக்காக இருக்கும். நடுவில் எங்கோ ஓர் அடுக்கு ஒட்டாமல் பொலபொலவென்று கிடக்கும். வெயிலில் உருகிய நீர் அதுவரை இறங்கிவிட்டால் மேலே உள்ளது மொத்தமாகப் பெயர்ந்து வரலாம். 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் இது அதிகம். முகட்டில் காற்று தாழ்வாரம் போல நீட்டிக் கட்டிய பனி விளிம்பும் சூடேறினால் உடைந்து விழும்.

அதனால் முந்தின இரவைத்தான் முதலில் கேட்போம். வானம் தெளிவாக இருந்தால் பனி சூட்டை இழந்து மேல்பரப்பு கல்லாக இறுகும். மேகம் மூடியிருந்தால் சரியாக இறுகாது, அன்றைக்குப் போகாமல் இருப்பதே நல்லது. இருட்டோடு கிளம்ப வேண்டும். வெயில் முதலில் கிழக்குச் சரிவில் படும், அப்புறம் தெற்கு, கடைசியில் மேற்கு. பனி இளகி கால் புதையத் தொடங்கினால், சிகரம் எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். புதைந்தவரைப் பத்து நிமிஷத்துக்குள் தோண்டி எடுத்தால்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு. கூட வந்தவர்களை விட்டால் அதற்கு வேறு ஆள் கிடையாது. சிக்னல் கருவி, துழாவும் கம்பி, மண்வாரி இல்லாமல் யாரையும் சேர்த்துக்கொள்ள மாட்டோம்.

அங்கே ரயில் பாதை போகும் ரோஜர்ஸ் கணவாயைப் பற்றியும் சொன்னேன். 1910 மார்ச் 4 இரவு, தண்டவாளத்தை மூடிய ஒரு பனிச்சரிவை அகற்றிக்கொண்டிருந்தவர்கள் மேல் எதிர் மலையிலிருந்து இன்னொன்று வந்து விழுந்தது. இறந்த 58 பேரில் 32 பேர் ஜப்பானிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்கள் வீட்டுக்குச் சேதி எப்போது, எப்படிப் போயிருக்கும் என்று அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். உள்ளேயிருந்து அம்மா, "இதெல்லாம் தெரிஞ்சுகிட்டா போற?" என்றாள். தெரிந்ததால்தான் போக முடிகிறது என்றேன். அவள் சமாதானமாகவில்லை.

விடிகாலையில் இறுகிய பனிமேல் பனிச்சறுக்குக் கட்டைகள் கரகரவென்று ஏறும் சத்தம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். அந்த ஊர் பழகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்கிறேன். ஆனால் அங்கே காலையில் எழுந்ததும், பனி அறிக்கைக்கு முன்னால் மேட்டூர் நீர்மட்டத்தைத்தான் பார்க்கிறேன். 120 அடிக்கு எவ்வளவு குறைகிறது, ஜூன் 12-ல் திறப்பார்களா, குறுவை உண்டா என்று கணக்குப் போட்டபடியேதான் காபி குடிப்பேன்.

சித்தப்பாவுக்கு மலையைவிட தண்ணீர்தான் முக்கியம். "அவ்வளவு பனியும் உருகி எங்க போகுது?" என்றார். போ (Bow) என்கிற ஆற்றில், ஜூன் மாதத்தில்தான் வெள்ளம் அதிகம், கால்கரியைத் தாண்டி வயல்களுக்கும் பாய்கிறது என்றேன்.

"முறை வச்சு விடுறாங்களா?"

"யார் முதல்ல உரிமம் வாங்கினாங்களோ அவங்களுக்குத்தான் முதல்ல தண்ணி, சித்தப்பா. அதுதான் அங்க சட்டம்."

நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படிப் பார்த்தா கல்லணை கட்டின நமக்குல்லடா மொத உரிமை!" என்றவர், கடைமடைக்குப் போன வருஷம் தண்ணீர் எட்டாத கதையைத் தொடங்கிவிட்டார்.