ஸ்ரெச்சரில் இருந்து இறங்கியவர்

3 மே 2024, வெள்ளி. கல்லடி

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பேரன் தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து, "உங்களப் போல ஒருத்தர்ர படம், அம்மப்பா" என்று என் முன்னால் வைத்தான். மெல் கிப்சன் நெறியாண்டு 2016 இல் வெளிவந்த 'ஹக்ஸோ ரிட்ஜ்'. ஆயுதத்தைத் தொடமாட்டேன் என்று உறுதியாக நின்று, இரண்டாம் உலகப் போரில் மருத்துவ உதவியாளராக அமெரிக்கப் படையோடு ஜப்பானின் ஒக்கினாவாத் தீவுக்குப் போன டெஸ்மண்ட் டொஸ் என்பவரின் கதை அது. தாதிய உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு, துப்பாக்கி என்பது எப்போதும் பிறர் தோளில் தொங்கிய பொருள்தான்.

சண்டைக் காட்சிகளில் குடலும் சதையும் தேவைக்கு மேல் பறக்கின்றன; காயத்தை அலங்காரம் செய்கிறார்கள் என்றே பட்டது. ஆனால் கண்பார்வை போய்விட்டது என்று அலறும் ஒருவனின் முகத்தை டொஸ் தண்ணீரால் துடைக்க, இரத்தம் கரைந்து இமை திறக்கும் அந்தச் சிறு காட்சியில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். உறைந்த இரத்தம் இமைமயிரில் பசைபோல் ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் தோலோடு வரும். சேலைனில் நனைத்த பஞ்சை வைத்து, ஊறும்வரை பொறுத்திருக்க வேண்டும். கண் திறந்ததும் அந்த முகம் எப்படி மலர்ந்தது என்று படத்தின் முடிவில் முதிய டொஸே பேசுகிறார். அதில் நடிப்பு இல்லை.

4 மே, சனி

இன்று பேரனோடு இருந்து, நடந்தது எது, சேர்த்தது எது என்று தேடிப் பார்த்தோம். இராணுவ நீதிமன்ற விசாரணையால் டொஸின் கல்யாணம் தள்ளிப்போவதாகப் படம் காட்டுகிறது. உண்மையில் அவர்கள் 1942 ஓகஸ்டிலேயே மணம் முடித்துவிட்டார்கள். படத்தில் தாதியாக வரும் மனைவி டொரத்தி, அந்தத் தொழிலுக்கு வந்தது போருக்குப் பிறகுதான். கணவருக்குக் காசநோய் வந்து ஒரு நுரையீரலையே எடுக்க வேண்டியிருந்த குடும்பம் அது. காதல் கதைக்கு வெள்ளைச் சீருடை அழகாக இருக்கும் என்று முன்கூட்டியே உடுத்திவிட்டார்கள் போலும்.

ஒக்கினாவாதான் அவருடைய முதற்களம் என்று தோன்றச் செய்திருப்பது அதைவிடப் பெரிய குறை. பசிபிக் தீவுகளான குவாமிலும் லெய்ற்றேயிலும் 1944 இலேயே காயப்பட்டவர்களைச் சுமந்து பதக்கம் பெற்ற அனுபவசாலி அவர். மலையுச்சியில் அவருடைய கை நடுங்காமல் இருந்ததற்கு நம்பிக்கையோடு பழக்கமும் காரணம் என்பேன்.

5 மே, ஞாயிறு

1945 இல் இதே திகதி சனிக்கிழமை. ஏழாம்நாள் அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையினரான டொஸுக்கு அது ஓய்வுநாள். மற்றவர்கள் பின்வாங்கிய பிறகு, செங்குத்தான மேட்டின் மேல் தனித்து நின்று, காயப்பட்டவர்களை ஒவ்வொருவராகக் கயிற்றில் இறக்கினார். ஐம்பது பேர் இருக்கும் என்று அவர் சொல்ல, நூறு என்று மற்றவர்கள் சொல்ல, நடுவில் வைத்து 75 என்று எழுதினார்களாம். எனக்கு இதில் வியப்பில்லை, அப்படிப்பட்ட நாளில் எங்கள் விடுதியிலும் எண்ணிக்கை மறுநாள் காலையில்தான் வரும்.

பயிற்சிக் காலத்தில் தற்செயலாகப் போட்டுப் பழகிய இரட்டை வளைய முடிச்சுத்தான் அவருக்குக் கைகொடுத்தது: வளையத்துக்கு ஒரு கால், மீதிக் கயிறு நெஞ்சைச் சுற்றி. பக்கத்து வீட்டு மீன்பிடிக்கார மச்சான் நைலோன் கயிற்றில் அதை ஒரு நிமிடத்தில் போட்டுக் காட்டினார். 25 கிலோ அரிசி மூட்டையைப் பேரன் மேல்மாடியிலிருந்து இறக்கினான். பாதியில் கயிறு வழுக்கி உள்ளங்கை சிவந்துபோயிற்று. முற்றத்து மாமரத்தில் ஒரு சுற்றுப் போட்ட பிறகே மூட்டை சொற்கேட்டது. ஆளின் பாரம் இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு.

8 மே, புதன்

படத்தில் இல்லாத பகுதிதான் மூன்று நாளாக என்னை விடவில்லை. 1945 இல் இதே மாதம் 21 ஆம் திகதி இரவு, கைக்குண்டு வெடித்துக் கால்கள் கிழிந்த டொஸ், இன்னொருவரைக் கூப்பிட்டு ஆபத்தில் இழுக்காமல் தன் காயத்தைத் தானே கட்டிக்கொண்டு ஐந்து மணிநேரம் காத்திருந்தார். ஸ்ரெச்சரில் தூக்கிப் போகும்போது, தன்னைவிட மோசமாகக் காயப்பட்ட ஒருவனைக் கண்டு, உருண்டு இறங்கி, அவனை முதலில் கொண்டு போகச் சொன்னார். காத்திருந்த இடத்தில் கையெலும்பும் சூடுபட்டு நொறுங்கியது. துப்பாக்கி ஒன்றின் மரக்கட்டையை அந்தக் கையோடு வைத்துக் கட்டி, 300 யார் தூரம் தவழ்ந்து போனார். ஆயுதத்தைத் தொடாதவர், அதைத் தொட்டது இதற்குத்தான்! பார்ப்பவர்கள் நம்பமாட்டார்கள் என்று கிப்சன் இதை விட்டுவிட்டாராம்.

நான் நம்புவேன். போர் நடந்த தொண்ணூறுகளில், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒருநாள், எங்களிடம் இருந்தது இரண்டு கம்பும், தொடையில் காயப்பட்டிருந்த ஒரு முதியவரின் மாற்றுச் சாரமும்தான். அவரைக் கிடத்தித் தூக்கியதும், ஓரத்தில் கிடந்த சிறுமியைக் கண்டு, "என்ன இறக்குங்க மனே, புள்ளயக் கொண்டு போங்க" என்று கம்பைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. தோணித்துறைக்குப் போய், அவளை ஏற்றிவிட்டு, ஒரு மணிநேரம் கழித்துத் திரும்பினோம். வேப்பமரத்தடியில் சாய்ந்திருந்தவர், பிள்ளையைப் பற்றி முதலில் விசாரித்தார். மறுகா, தன் சாரம் எங்கே என்று கேட்டார்.