பாதி ஆன்டெனா வண்டியிலேயே இருந்தது

வயர்லெஸ் செட்டுகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும்தான் என் வேலை. சேர்ந்த புதிதில், மூன்று நாள் மட்டும் இயங்கும் ஒரு கட்டுப்பாட்டு அறையை அமைத்துத் தர என்னை அனுப்பினார்கள். கம்பம் நட்டு ஆன்டெனா ஏற்ற வழியில்லை. கையில் இருந்தது, வண்டிக் கூரையில் ஒட்டி வைக்கும் மேக்னெட் மவுண்ட் ஆன்டெனா ஒன்றுதான். அரை மீட்டர் கம்பி, அடியில் உள்ளங்கை அகலத்துக்குக் காந்தம். ஜன்னலோரம் இருந்த மர மேசையில் அதை நிறுத்திக் கேபிளைச் செட்டில் மாட்டினேன்.

அனுப்பும் பவர் ஆன்டெனாவில் போகாமல் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டுவது எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர்; 1-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. வண்டியில் 1.3 காட்டிய அது இங்கே 3-ஐத் தாண்டியது. 3 என்றாலே அனுப்பும் பவரில் கால் பங்கு திரும்பி வருகிறது என்று அர்த்தம். செட் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள, தானாகவே பவரைக் குறைத்துக்கொண்டது. கனெக்டரைக் கழற்றிப் பார்த்தேன், மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், எல்லாம் சரியாகவே இருந்தது. அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தேன். கேபிளைப் பிடித்தால் மீட்டர் முள் இறங்குகிறது, கையை எடுத்தால் ஏறுகிறது.

எங்கள் மூத்த டெக்னீஷியனுக்குப் போன் செய்து சொன்னேன். "தம்பி, பாதி ஆன்டெனாவை வண்டியிலேயே விட்டுட்டு வந்திருக்கே. அதுக்குக் கீழே ஏதாவது தகரம் இருக்கா பாரு" என்றார்.

அந்தச் செட்டின் அலைவரிசை 150 மெகாஹெர்ட்ஸை ஒட்டியது. அலைநீளம் 2 மீட்டர், அதில் கால் பங்கான 50 சென்டிமீட்டர்தான் அந்தக் கம்பி. கம்பியில் மின்னோட்டம் ஓட வேண்டுமானால், அதற்கு ஈடாக மறுபக்கத்திலும் ஓட ஓர் உலோகப் பரப்பு வேண்டும். அதுதான் கிரவுண்ட் பிளேன். வண்டியில் கூரைத் தகடு அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது. மர மேசையில் அது இல்லை என்றதும் கேபிளின் வெளிக் கம்பிப் பின்னலே அந்த மின்னோட்டத்தைச் சுமந்தது. கை பட்டதும் முள் ஆடியதற்குக் காரணம் அதுதான்.

அறையில் தேடியதில் ஓர் இரும்புப் பெட்டியின் மூடி கிடைத்தது, ஒரு சாண் அகலம் இருக்கும். காந்தம் 'டக்'கென்று கவ்வியது, பிடுங்கி எடுக்க இரண்டு கை வேண்டியிருந்தது. வேலை முடிந்தது என்றே நினைத்தேன். மீட்டரோ 2.5 காட்டியது.

அந்த மூடியிடம் நான் கற்றது அதிகம். காந்தத்தின் பிடி வேறு, உலோகத்தின் பரப்பு வேறு. காந்தம் ஆன்டெனாவை நிறுத்தி வைக்கிறது, அதன் அடித்தட்டைத் தகட்டோடு நெருக்கி வைக்கிறது. நடுவில் பெயின்ட் இருந்தாலும் இரண்டும் சேர்ந்து ஒரு கெபாசிட்டராகிவிடும், நேராகத் தொடாமலே ரேடியோ மின்னோட்டம் அதன் வழியே போகும். இந்த அலைவரிசையில் அதன் தடை சில ஓம்தான், அதனால் பெயின்டைச் சுரண்டத் தேவையில்லை. ஆனால் பரப்பு குறைந்தால் எவ்வளவு இறுகப் பிடித்தும் பயனில்லை. கம்பி நிற்கும் இடத்திலிருந்து நாலா பக்கமும் சுமார் 50 சென்டிமீட்டராவது உலோகம் இருக்க வேண்டும்.

மூலையில் நின்ற இரும்பு பீரோவை இருவர் சேர்ந்து ஜன்னலருகே தள்ளினோம். அதன் தலையில் நட்டநடுவே ஆன்டெனாவை வைத்ததும் 1.5. மூன்று நாளும் அது அங்கேயே நின்றது, தொலைவில் இருந்த வாக்கி-டாக்கிகளும் தெளிவாகக் கேட்டன.

பின்னர் எல்லா இடத்திலும் பீரோ கிடைக்கவில்லை. அலுமினியத் தகடு கிடைத்தால் அதுவும் போதும். காந்தம் ஒட்டாது என்பதற்காக அதை ஒதுக்குகிறவர்கள் உண்டு, அது வீண். மெல்லிய தகடாக இருந்தால் அடியில் ஒரு சிறு இரும்புத் துண்டை வைத்துவிடலாம், காந்தம் தகட்டைத் தாண்டி அதைப் பிடித்துக்கொள்ளும்.

இப்போது என் பையில் எப்போதும் ஒரு சிறிய இரும்புத் தட்டு இருக்கிறது. நாலு மூலையிலும் போல்ட் போட்டு, 50 சென்டிமீட்டர் ஒயர் ஒவ்வொன்று முடுக்கியிருக்கிறேன். ஒயர்களை மேசை விளிம்பில் கீழ்நோக்கிச் சாய விட்டால், சமமாக விரிப்பதைவிட, செட்டும் கேபிளும் எதிர்பார்க்கும் 50 ஓமுக்கு ஆன்டெனா நெருங்கி வரும். மாட்டி முடித்ததும் குறைந்த பவரில் பட்டனை அழுத்தி, முதலில் கேபிளைத்தான் பிடித்துப் பார்க்கிறேன். முள் அசையாமல் நின்றால் செட்டை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்புவேன்.