ரயில் பசங்களும் கத்திரிக்கா கூடையும்

நம்ம பழைய மாணவர் சங்க மலருக்கு எதாவது எழுதி குடுங்கன்னு செக்ரட்டரி மூணு தடவை மெசேஜ் போட்டுட்டாரு. எல்லாரும் வாத்தியார்ங்களைப் பத்தியும் ஆண்டு விழா பத்தியும் எழுதுவாங்க, நான் ரயிலைப் பத்தி எழுதறேன். நம்ம ஸ்கூல்ல ‘ரயில் பசங்க’ன்னு ஒரு கூட்டம் இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? கண்ணமங்கலம், கணியம்பாடி பக்கத்துல இருந்து காட்பாடி பாசஞ்சர்ல வந்து வேலூர் கண்டோன்மென்ட் ஸ்டேஷன்ல இறங்கி ஓடி வருவோமே, அந்தக் கூட்டம். முதல் பீரியட்ல பாதி நாள் நாங்க இருக்க மாட்டோம். கணக்கு சார் எங்க பேருக்கு நேரா பென்சில்ல ‘ர’ன்னு போட்டு வச்சிருப்பாரு, நாங்க வந்ததும் அழிச்சிட்டு டிக் போடுவாரு. அடிச்சதே இல்ல. “வண்டி லேட்டுன்னா நீ இன்னாடா பண்ணுவ, உக்காரு”ன்னுவாரு.

அதே வண்டியில தான் எங்க ஆயாவும் வருவாங்க, ரெண்டு கூடை முள்ளுக் கத்திரிக்காயோட. கூடையை ஏத்தறதும் இறக்கறதும் என் வேலை, காம்புல இருக்கற முள்ளு விரல்ல ஏறிடும், பரீட்சை அன்னிக்கு பேனாவே புடிக்க முடியாது. சொன்னா ஆயா வேப்பெண்ணெய் தடவி “படிக்கிறவன் கைக்கு ஒண்ணும் ஆகாது கண்ணு”ன்னுட்டு பொடவையில சும்மாடு சுத்த ஆரம்பிச்சிடுவாங்க. கண்டோன்மென்ட்ல இருந்து நாலு பேரு சேர்ந்து குதிரை வண்டி, நேதாஜி மார்க்கெட் வெளிய ஒரு பூண்டுக் கடை வாசல்ல அவங்க இடம். யாரும் எழுதிக் குடுத்த இடமில்ல, இருபது வருஷம் உக்காந்து உக்காந்து அவங்க இடமா ஆனது. பத்து மணி வரைக்கும் தான் வீட்டுக்காரங்க வருவாங்க, அதுக்கப்புறம் காய் வாடிடும், ஓட்டல்காரன் பாதி விலைக்குக் கேப்பான். அதனால எனக்கு ‘ர’ விழுற அன்னிக்கு ஆயாவுக்குக் கைமுதல் தேறுறதே கஷ்டம்.

எங்க லைன் அப்ப மீட்டர் கேஜ், காட்பாடி வழியா போற மெட்ராஸ் - பெங்களூர் லைன் பிராட் கேஜ். மெட்ராஸ் ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடு வரைக்கும் 1856-லயே ரயில் ஓடிச்சு, தென்னிந்தியாவுலயே முதல் பாசஞ்சர் வண்டி, நம்ம பழைய ஜில்லாவுக்கு தான் வந்துச்சு. ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஊருங்க எல்லாம் அந்த மெயின் லைன் மேலயே இருக்கறதை மேப்ல பாருங்க. எங்களுக்குத் தண்டவாளம் ஒரு மீட்டர் அகலம், அவங்களுக்கு 1.676 மீட்டர், எங்க பக்கத்து சரக்கு அந்த லைன்ல மெட்ராஸ் போகணும்னா காட்பாடியில எல்லாத்தையும் இறக்கி வேற வண்டியில ஏத்தணும், கத்திரிக்காய்க்கு எவன் அந்தக் கூலி குடுப்பான்? அது வேலூரைத் தாண்டாததுக்கு அந்த முக்கா மீட்டர் கூட இல்லாத வித்தியாசமும் ஒரு காரணம்னு தான் நான் சொல்லுவேன்.

அப்புறம் லைனை அகலப்படுத்த வண்டியை நிறுத்துனாங்க. ஆயா அதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டாங்க, சித்தி தான் கூடையை எடுத்துக்கினாங்க. பஸ்ஸுல கூடைக்குத் தனி லக்கேஜ் டிக்கெட்டு, அதுவும் காலையில கூட்டத்துல கண்டக்டர் ஏத்தவே மாட்டாரு. கொஞ்ச நாள் ஷேர் ஆட்டோ பாத்தாங்க, கட்டுப்படியாகல. அப்ப தான் ஊருக்குள்ள ஒருத்தர் சின்ன யானை வாங்கினாரு, டாட்டா ஏஸ், தோட்டத்துக்கே வந்து எடை போட்டு எடுத்துக்கினு போயிடுவாரு. நல்லது தானேன்னு நானும் போன்ல சொன்னேன். சித்தி தான் சொன்னாங்க, “எடை அவருது, வெலையும் அவருது, காய் மட்டும் நம்மளுதுப்பா”. அவரைக் குத்தம் சொல்ல முடியாது, வண்டிக்கு டியூ கட்டணும் இல்ல.

2010-ல பிராட் கேஜ் வண்டி வந்துச்சு. பெரிய பெட்டி, திருப்பதிக்கு எங்க ஊர் வழியாவே எக்ஸ்பிரஸ். ஆனா சித்தி திரும்பிப் போகல. பூண்டுக் கடை வாசல்ல வேற யாரோ உக்காந்துட்டாங்க, வாடிக்கைக்காரங்களும் மாறிட்டாங்க, வண்டி நேரமும் மார்க்கெட்டுக்குத் தோதா இல்ல.

ரயிலால வேலூர் பொழைக்கலன்னு நான் சொல்லல. சி.எம்.சி. ஆஸ்பத்திரி எதிர்ல காந்தி ரோட்டுல போய்ப் பாருங்க, லாட்ஜு போர்டுல பெங்காலி, ஓட்டல்ல மீன் குழம்பு கூட கல்கத்தா ருசி. கிழக்குப் பக்கத்துல இருந்து காட்பாடியில வந்து இறங்கற நோயாளிங்களை நம்பி ஒரு தெருவே பொழைக்குது. ஆஸ்பத்திரி 1900-ல ஆரம்பிச்சது, டாக்டருங்க பேரும் பெருசு, ஆனா காட்பாடி ஜங்ஷன் இல்லாம அந்த லாட்ஜுங்க வந்திருக்குமா சொல்லுங்க.

நம்ம வேலூர் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023-ல புவிசார் குறியீடு, அதான் ஊர் பேருக்குக் குடுக்கற அங்கீகாரம், குடுத்தாங்க. சங்க வாட்ஸ்அப் குரூப்ல எல்லாரும் கைதட்டுனீங்க, நானும் தட்டுனேன். போன வருஷம் லீவுல போனப்ப கண்டோன்மென்ட்ல இறங்கி மார்க்கெட் வரைக்கும் நடந்தேன், ஆட்டோக்காரங்க என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. பூண்டுக் கடை இருக்கு. வாசல்ல ஒரு பையன் செல்போன் கவர் மாட்டி வச்சிருந்தான், நான் அங்கயே நின்னுக்கினு இருந்ததுல “இன்னா மாடல் சார்?”ன்னு கேட்டான். தேவையே இல்ல, ஒண்ணு வாங்கினேன்.