காசு அனுப்பும் முன் பார்க்க வேண்டியவை

பேஸ்புக்கில் விளம்பரத்தைப் பார்ப்பது, வட்ஸ்அப்பில் விலை கேட்பது, வந்த கணக்கு இலக்கத்துக்குக் காசு போடுவது. திருகோணமலையில் பலருக்கு ஒன்லைன் வியாபாரம் என்றால் இதுதான். டவுனில் கிடைக்காத சாமான் வீட்டுக்கே வருகிறது, கொழும்புக்குப் போய்வரும் செலவும் மிச்சம். வாங்குபவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காசு கொடுக்க இருக்கிற வழிகளுக்குள் மோசமான வழி இது.

வங்கிச் செயலியால் இன்னொரு வங்கிக் கணக்குக்கு அனுப்பும் பணம் வங்கிகளை ஒன்றோடொன்று இணைக்கும் லங்காபேயின் செஃப்ட்ஸ் முறையால் சில விநாடிகளில் போய்ச் சேர்ந்துவிடும். பிறகு உங்கள் வங்கி நினைத்தாலும் தானாக அதைத் திருப்பி எடுக்க முடியாது. பெற்றவர் சம்மதிக்க வேண்டும், இல்லாவிட்டால் பொலிஸ், நீதிமன்றம் என்று போக வேண்டும். அதற்குள் காசு ஏடிஎம்மால் வெளியே போயிருக்கும். அந்தக் கணக்கும் பெரும்பாலும் மோசடிக்காரருடையதாக இராது. கொமிஷனுக்கு ஆசைப்பட்டுத் தன் கணக்கைப் பாவிக்கக் கொடுத்த யாரோ ஒருவருடையது. பொலிஸ் முதலில் போய் நிற்பது அவர் வீட்டில். கணக்கை இரவல் கேட்கிறவர்களிடம் நம் பிள்ளைகள் சிக்காமல் பார்த்துக்கொள்வதும் இந்தப் பாதுகாப்பில் சேர்ந்ததுதான்.

பணம் கணக்கு இலக்கத்தைப் பார்த்துத்தான் போகும். பெயர்க் கட்டத்தில் கடையின் பெயரை நீங்கள் எழுதியதால் கடைக்குத்தான் போனது என்று ஆகாது. சில செயலிகள் அனுப்பும் முன் கணக்குக்காரரின் பெயரைக் காட்டும். கடைப் பெயருக்குப் பதில் முன்பின் தெரியாத தனியாள் பெயர் வந்தால் அத்தோடு நிறுத்துங்கள். “கொழும்புக்கு வெளியே கேஷ் ஒன் டெலிவரி (பார்சல் கைக்கு வரும்போது காசு கொடுப்பது) இல்லை, பாதிக் காசை முதலில் போடுங்கள்” என்பது அடிக்கடி வரும் பேச்சு. குரியர்கள் மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் குச்சவெளிக்கும்கூடக் காசு வாங்கிப் பார்சல் கொடுக்கிறார்கள். தூரத்தைக் காட்டி முற்பணம் கேட்பவரை நம்ப வேண்டிய அவசியம் இல்லை.

கார்டால் கட்டினால் ஒரு பிடி இருக்கிறது. பொருள் வரவில்லை, அல்லது வேறு பொருள் வந்தது என்றால் வங்கியில் முறைப்பாட்டுப் படிவம் நிரப்பி அந்தக் கொடுப்பனவை எதிர்க்கலாம். அதற்குக் கால எல்லை உண்டு, ஆகவே இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று மாதக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. சம்பளம் விழும் கணக்கின் கார்டை இதற்குப் பாவிக்க வேண்டாம். தனியாக ஒரு சேமிப்புக் கணக்கைத் திறந்து, வாங்கும் நாளில் தேவையான தொகையை மட்டும் அதற்கு மாற்றுங்கள். செயலியில் இணையக் கொடுப்பனவை நிறுத்தி வைக்கும் வசதி இருந்தால் மற்ற நாட்களில் நிறுத்தி வையுங்கள். வெளிநாட்டுத் தளங்கள் சில, வங்கி உங்கள் கைபேசிக்கு அனுப்பும் ஒருமுறை இலக்கமான ஓடிபியைக் கேட்காமலே காசை எடுத்துவிடும் என்பதால் இது முக்கியம். ஓடிபி வந்தால் இலக்கத்தை மட்டும் பார்த்து அடிக்காமல் முழுச் செய்தியையும் வாசியுங்கள். தொகையும் கடையின் பெயரும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். 2,500 ரூபாய்ச் சாமானுக்கு 85,000 என்று வந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

கேஷ் ஒன் டெலிவரியில் ஆபத்தே இல்லை என்று நினைக்க வேண்டாம். பொதுவாகப் பார்சலைத் திறக்க விடுவது காசை வாங்கிய பிறகுதான். குரியர்காரத் தம்பி பாவம், உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. அவரோடு சண்டை பிடித்துப் பலன் இல்லை. ஓடர் பண்ணாத பார்சல் வருவதும் இருக்கிறது. பெயரும் விலாசமும் தொலைபேசி இலக்கமும் எங்கோ இருந்து எடுத்து, மலிவான எதையோ பொதி செய்து, 1,900 ரூபாய் என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். மகள் ஏதோ எடுப்பித்திருப்பாள் என்று அம்மம்மா காசைக் கொடுத்துவிடுவார். ஓடர் கொடுத்த அன்றே பொருள், தொகை, அனுப்புபவர் மூன்றையும் வீட்டு வட்ஸ்அப் குழுவில் போடுங்கள். அதில் இல்லாத பார்சல் வந்தால் “இது எங்களுடையது இல்லை” என்று திருப்பி அனுப்பலாம். உங்களுக்கு எந்தக் கட்டாயமும் கிடையாது.

வந்ததைத் திறக்கும்போது வீடியோ எடுங்கள். மேலே ஒட்டிய லேபிளும் பார்சல் இலக்கமும் தெரியத் தொடங்கி, டேப் வெட்டுவது முதல் பொருளை இயக்கிப் பார்ப்பது வரை இடையில் நிறுத்தாமல் ஒரே எடுப்பாக இருக்க வேண்டும். நடுவில் வெட்டிய வீடியோ என்றால் பொருளை நீங்களே மாற்றிவிட்டதாகச் சொல்ல இடம் கிடைக்கும்.

வாங்குவது கைபேசி என்றால் காசு கொடுக்க முன்னரே அதன் ஐஎம்இஐ இலக்கத்தை, அதாவது ஒவ்வொரு கைபேசிக்கும் உரிய தனி அடையாள இலக்கத்தை, கேளுங்கள். ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் எழுதி, ஒரு இடைவெளி விட்டு, 15 இலக்கங்களையும் 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும். இலக்கத்தைத் தர மறுக்கும் கடையில் கைபேசி வாங்க வேண்டாம். பொருள் கைக்கு வந்ததும் ஸ்டார், ஹாஷ், 06, ஹாஷ் அழுத்தி அதே இலக்கம்தானா என்று பாருங்கள்.

பேஸ்புக் பக்கத்தை எடைபோட லைக் எண்ணிக்கை உதவாது, அதை விலைக்கு வாங்கலாம். பக்கத்தின் விபரப் பகுதிக்குள் பேஜ் ட்ரான்ஸ்பேரன்சி என்று ஒன்று இருக்கும். பக்கம் எப்போது தொடங்கப்பட்டது, முன்பு என்ன பெயரில் இருந்தது என்பவை அங்கே கிடைக்கும். நடத்துபவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதும் பல பக்கங்களுக்குத் தெரியும். போன மாதம் வரை நகைச்சுவை வீடியோ போட்ட பக்கம் இன்று சோலர் லைட் விற்றால் விளங்கிக்கொள்ளலாம். பொருளின் படத்தை கூகிள் லென்ஸில் போட்டு, அதே படம் வேறு இடங்களில் இருக்கிறதா என்று பாருங்கள். இன்றைய திகதியை ஒரு தாளில் எழுதிப் பொருளுக்குப் பக்கத்தில் வைத்து வீடியோ கேளுங்கள். கையில் பொருள் உள்ளவருக்கு அது இரண்டு நிமிட வேலை.

தபால் திணைக்களத்தின் பெயரில் வரும் போலி எஸ்எம்எஸ் பற்றி வீட்டில் உள்ள பெரியவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். விலாசம் முழுமையாக இல்லை, 12 மணித்தியாலத்துக்குள் லிங்கை அழுத்தி ஒரு சிறு தொகை கட்டுங்கள் என்று வரும். ஐம்பதோ நூறோ அந்த மோசடிக்காரருக்கு வேண்டியதில்லை. கார்ட் இலக்கமும் ஓடிபியும்தான் வேண்டும். லிங்கின் தொடக்கத்தில் இரட்டைச் சாய்கோடு இருந்தால் அதை விட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள பகுதியின் கடைசியைப் பாருங்கள். தபால் திணைக்களத்தின் தளம் டொட் கவ் டொட் எல்கே என்றுதான் முடியும். நடுவில் போஸ்ட் என்று இருப்பதால் ஒன்றும் ஆகாது. பதிவுத் தபால் போன்ற சர்வதேசத் தபாலின் கண்காணிப்பு இலக்கத்துக்கும் ஒரு வடிவம் உண்டு: முதலில் 2 ஆங்கில எழுத்து, பிறகு 9 இலக்கம், கடைசியில் அனுப்பிய நாட்டின் 2 எழுத்து. சந்தேகம் என்றால் தபாலகக் கவுன்டரிலேயே கேட்டுவிடலாம்.

விற்பவர்களுக்கும் ஒரு சொல். காசு பெறுவதற்குப் பெயர், வங்கி, கிளை, கணக்கு இலக்கம் போதும். “காசு அனுப்ப” என்று கார்டின் பின்பக்க 3 இலக்கத்தையோ ஓடிபியையோ கேட்பவர் எடுக்க வந்தவர். சிலிப்பின் படத்தை நம்பிப் பொருளைக் கொடுக்காதீர்கள். உங்கள் கணக்கில் மீதி ஏறியதா என்று பாருங்கள்.

காசு போய்விட்டால் முதலில் வங்கியின் 24 மணிநேர இலக்கத்துக்கு எடுங்கள். அது கார்டின் பின்புறத்திலேயே இருக்கும். கார்டை நிறுத்தச் சொல்லுங்கள். கணக்குக்குப் போட்ட காசு என்றால் பெற்ற வங்கிக்கு உடனே அறிவிக்கக் கேட்டு, முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து ஸ்கிரீன்ஷொட்: பக்கத்தின் பெயர் நாளைக்கே மாறும், ஆகவே அதன் லிங்கையும் பிரதி எடுங்கள். உரையாடல், சிலிப், பரிமாற்ற இலக்கம் எல்லாவற்றையும் அச்சடித்துக்கொண்டு பொலிஸில் முறைப்பாடு கொடுங்கள். இணையப் பாதுகாப்புப் பிரச்சினைகளைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் இலக்கம் 101. பழுதான பொருள், பற்றுச்சீட்டு தர மறுக்கும் வியாபாரி என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, இலக்கம் 1977. கேட்டால் பற்றுச்சீட்டு கொடுப்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி வியாபாரியின் கடமை. நடந்ததை பேஸ்புக்கில் எழுதினால், இழந்த காசை மீட்டுத் தருகிறேன் என்று கொமென்டில் சிலர் வருவார்கள். முற்பணம் கேட்பார்கள். அவர்களுக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.