நாலாவது மாடியில் யாரும் சிரிக்கவில்லை

இரண்டாவது ராத்திரி அந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஓர் இசைக்குழு அடுத்தடுத்து இரண்டு ராத்திரி மேடையில் வாசித்ததைப் பதிவு செய்து போட்ட லைவ் ஆல்பத்தைக் கேட்டவர்களுக்கு இது தெரிய வழியில்லை. ஆல்பத்தில் ஏழு நொடி சிரிப்பு இருக்கிறது. அதைக் கொண்டுவந்து வைத்தது நான்.

லிஃப்ட் காட்சியைத்தான் சொல்கிறேன். ஓர் அலுவலகக் கட்டடத்து லிஃப்டுக்கு நாலாவது மாடி மேல் காதல் வந்துவிடுகிறது. வேறு எந்த மாடியிலும் நிற்க மாட்டேன் என்கிறது. கட்டட நிர்வாகம் நோட்டீஸ் விடுகிறது, மெக்கானிக் தூது போகிறார், கடைசியில் லிஃப்ட் ஒரு காதல் பாட்டை ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் பாடுகிறது. பதினெட்டு நிமிடம். லிஃப்டாக வந்தவர்தான் குழுவின் பாடகர், இரண்டு தோளிலும் அட்டையில் செய்த கதவுகள். நடுவில் ஓரிடத்தில் குழு மொத்தமும் சட்டென்று நிற்கும். வாசிப்பவர்கள் எல்லோரும் மாடி எண் பார்ப்பதுபோல அண்ணாந்து பார்ப்பார்கள். அவர் அந்த அறிவிப்புக் குரலில் "நாலாவது மாடி" என்பார். கொஞ்சம் விட்டு, "இனிமே எல்லாமே நாலாவது மாடி."

எழுதிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. முதல் ராத்திரி இதற்குத்தான் ஏழு நொடி விடாமல் சிரித்தார்கள்.

இரண்டாவது ராத்திரி அதே வசனம், அதே இடைவெளி. ஒன்றும் நடக்கவில்லை. பதிவைச் சத்தமாக வைத்துக் கேட்டால் அந்த மௌனத்துக்குள் நிறைய இருக்கிறது. பேஸ் கிடாரின் ஆம்ப்ளிஃபயர் ரீங்காரம். அந்த ரீங்காரத்துக்கு ஸ்னேர் டிரம்மின் அடியில் உள்ள கம்பிகள் தாமாகவே அதிர்ந்து எழுப்பும் மெல்லிய சரசரப்பு. கூட்டத்தின் சத்தத்தைப் பிடிக்க வைத்த இடது மைக்கில் ஒரு நாற்காலி முனகுகிறது. யாரோ இரும ஆரம்பித்துப் பாதியில் அடக்கிக்கொள்கிறார். பாடகரின் மைக்கில் அவர் மூச்சை உள்ளே இழுப்பது கேட்கிறது. மொத்தம் நான்கு நொடிக்குக் கொஞ்சம் மேல். மேடையில் நிற்பவருக்கு அது எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. நான் மிக்சிங் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைப்பவன்.

அப்புறம் அவர் அதே அறிவிப்புக் குரலில், "சரி... படியேறி வாங்க" என்றார்.

ஒத்திகையில் இல்லாத வரி. பின்வரிசையில் ஒரே ஒரு பெண் சிரித்தார். டிரம்மர் ஃப்ளோர் டாமில், தரையில் நிற்கும் பெரிய டிரம்மில், ஓர் அடி வைத்தார். கொஞ்சம் விட்டு இன்னோர் அடி. யாரோ மூச்சு வாங்கப் படியேறுவதுபோல. பேஸ் வாசிப்பவர் அதைப் பிடித்துக்கொண்டு, படிக்கு ஒரு சுரமாக மேலே போனார். அரங்கில் சிரிப்பு வந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு முணுமுணுப்பு, நாற்காலிகள் நகரும் ஓசை, அவ்வளவுதான். பதினோரு படி. பதினோராவது படியில் கிடார் நுழைந்தது. அன்றைக்கு கிடாரிஸ்ட் வாசித்த சோலோதான் இரண்டு நாளிலும் சிறந்தது. அதற்காகத்தான் அந்தப் பாட்டுக்கு இரண்டாவது நாள் பதிவை எடுத்துக்கொண்டோம்.

நான் வெட்டியது எதை என்றால், அந்த மௌனத்தை, படியேறச் சொன்ன வரியை, பதினோரு படியை. எல்லாம் சேர்த்து நாற்பது நொடி. அந்த இடத்தில் முதல் நாள் சிரிப்பு ஏழு நொடி, அது அடங்கும்போதே கிடார்.

வேலை என்று பார்த்தால் நல்ல வேலை, அதில் சந்தேகமில்லை. இரண்டு நாளும் ஒரே அரங்கு, மைக்குகள் இடம் மாறவில்லை. மேடை விளிம்பில் கூட்டத்தைப் பார்த்து இரண்டு, பின்னால் என் மேசைக்குப் பக்கத்தில் இரண்டு. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகும். இருபது மீட்டர் தள்ளி நிற்கும் மைக்குக்கு மேடைச் சத்தம் 58 மில்லி நொடி தாமதமாக வந்து சேரும். அப்படியே விட்டால் எல்லாம் இரட்டையாகக் கேட்கும், பின் ட்ராக்குகளை அந்த அளவுக்கு முன்னால் நகர்த்த வேண்டும். நல்லவேளையாக அந்த இடத்தில் குழு வாசிப்பை நிறுத்தியிருந்தது. தாளம் ஓடிக்கொண்டிருந்தால் முதல் நாள் சிரிப்போடு முதல் நாள் டிரம்ஸும் லீக் ஆகி வந்து காரியத்தைக் கெடுத்திருக்கும். ஒட்டு போட்ட இடத்தை இன்றைக்கு நானே தேடினாலும் காதுக்குச் சிக்காது. குழுத் தலைவர் கேட்டுவிட்டு, "இது எந்த நாளுது?" என்றார். "ரெண்டும்தான்" என்றேன். தலையாட்டினார். அவ்வளவுதான் அனுமதி.

அவர்தான் இந்த வேலைக்கு முன்னால் ஒரு பழைய ரெக்கார்டை என் கையில் கொடுத்து, பத்து தடவையாவது கேளுங்க என்றவர். அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஃப்ராங்க் ஸாப்பாவும் அவருடைய 'தி மதர்ஸ்' குழுவும் போட்ட 'ஜஸ்ட் அனதர் பேண்ட் ஃப்ரம் எல்.ஏ.'. 1971 ஆகஸ்ட் 7 அன்று லாஸ் ஏஞ்சலஸில் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தின் பாலி பெவிலியன் அரங்கில் பதிவானது. முதல் பக்கம் முழுக்க ஒரே உருப்படி, 'பில்லி தி மவுண்டன்', 24 நிமிடம் 47 நொடி. பில்லி ஒரு மலை. அவன் தோளில் வளர்ந்த மரம்தான் மனைவி எதெல். மலையின் படத்தைத் தபாலட்டையில் போட்டு விற்றதற்கு ராயல்டி வருகிறது, அதை வைத்துக்கொண்டு இருவரும் விடுமுறைக்குக் கிளம்புகிறார்கள். மலை நடந்தால் வழியில் இருப்பது என்ன ஆகும்? எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம் தரைமட்டம். மார்க் வோல்மனும் ஹோவர்ட் கெய்லனும் குரலை மாற்றி மாற்றி நடிப்பார்கள். முன்பு 'தி டர்ட்டில்ஸ்' குழுவில் சமர்த்தாகக் காதல் பாட்டு பாடிக்கொண்டிருந்தவர்கள். கதையில் வரும் இடப் பெயர்களை ஊருக்கு ஊர் மாற்றிக்கொள்வார்கள், பார்க்க வந்தவர்களுக்குத் தெரிந்த தெருவாக இருக்கட்டும் என்று.

நானும் கேட்டேன், பத்து தடவைக்கு மேலேயே. எனக்கு அதில் பிடிபட்டது வேறு விஷயம். மேடையில் நடக்கும் கோமாளித்தனத்தை ரெக்கார்டில் பார்க்க முடியாது. திடீரென்று கூட்டம் சிரித்தால், எதற்குச் சிரித்தார்கள் என்று கேட்பவன் தானே கற்பனை செய்துகொள்ள வேண்டும். அந்தச் சிரிப்புதான் அவனுக்குக் கண். எங்கள் லிஃப்ட் காட்சியிலும் குழு அண்ணாந்து பார்ப்பது யாருக்கும் கேட்கப்போவதில்லை. சிரிப்பு இல்லையென்றால் அது வெறுமனே வாசிப்பு நின்றுபோன இடம். ஆகவே சிரிப்பை வைத்தேன். இது என் முதல் நியாயம். இப்போதும் இதை நம்புகிறேன், பெரும்பாலும்.

மிக்ஸ் முடிந்தபின் ஒரு மாலை பாடகர் வந்தார். என்னைவிடப் பன்னிரண்டு வயது சிறியவர், என்னை அண்ணா என்பார். ஹெட்ஃபோனில் முழுப் பாட்டையும் கேட்டார். அந்த இடம் வந்தபோது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எதற்கோ கீழே குனிந்திருந்தேன், அல்லது குனிந்தேன். பாட்டு முடிந்தபின் கேட்டார்:

"அண்ணா, ரெண்டாவது நாள் அங்க யாரும் சிரிக்கலையே?"

"ஆல்பத்துல சிரிக்கிறாங்கல்ல, தம்பி" என்றேன்.

"சரிண்ணா."

ஹெட்ஃபோனைக் கழற்றி, வயரை முறுக்கு விழாமல் வட்டம் வட்டமாகச் சுற்றி, மேசை மேல் வைத்தார். அப்புறம் வேறு பேச்சு.

நடந்தது இவ்வளவுதான். சண்டை இல்லை, மனஸ்தாபம் இல்லை. ஆனால் அந்த "சரிண்ணா"வை நான் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். நிம்மதியாகச் சொன்னாரா? எந்த நடிகனுக்கும் தன் நகைச்சுவை விழுந்துபோன இடம் பதிவில் இல்லாமல் போவது சந்தோஷம்தானே. காப்பாற்றிவிட்டீர்கள் என்று அர்த்தமாக இருக்கலாம். ஆனால் சந்தோஷப்பட்டவர் கேள்வியாகவா கேட்பார்? நன்றாக வந்திருக்கு என்றிருப்பார். அவர் மௌனத்தைப் பற்றிக் கேட்டாரா, மௌனத்துக்குப் பிறகு வந்ததைப் பற்றிக் கேட்டாரா என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. விழுந்த இடத்திலிருந்து ஒரு வரியால் எழுந்தவர் அவர். எழுந்ததை அழித்தால்தான் விழுந்ததை அழிக்க முடியும். நான் இரண்டையும் ஒரே வெட்டில் எடுத்தேன்.

எல்.பி. ரெக்கார்டுக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு பக்கத்தில் இருபது, இருபத்திரண்டு நிமிடம் வரை வசதி. அதற்கு மேல் நீட்டினால் ரெக்கார்டில் ஊசி ஓடும் வரிகள் நெருங்க வேண்டும், அப்போது ஒலி அளவைக் குறைக்க வேண்டும், பேஸைக் கட்டுப்படுத்த வேண்டும். எங்கள் முதல் பக்கம் இருபத்து மூன்றைத் தாண்டியிருந்தது. நாற்பதை எடுத்து ஏழை வைத்தால் முப்பத்து மூன்று நொடி லாபம். குழுத் தலைவரிடம் இதைத்தான் சொன்னேன். இப்போது யோசித்தால், வெட்டியது முதலில், கணக்குப் போட்டது அப்புறம். அத்தனை நொடி வேண்டுமென்றால் மெக்கானிக் தூது போகும் பகுதியில் தாராளமாக எடுத்திருக்கலாம். அங்கே யாருக்கும் வலித்திருக்காது. அதை நான் பரிசீலிக்கக்கூட இல்லை.

ஸாப்பாவே செய்தாரே என்றும் சொல்லிக்கொள்கிறேன். 1988 முதல் 1992 வரை அவர் வெளியிட்ட 'யூ கான்ட் டூ தட் ஆன் ஸ்டேஜ் எனிமோர்' என்ற நேரடிப் பதிவுத் தொகுப்பு, ஆறு பகுதி, ஒவ்வொன்றும் இரண்டு சி.டி. அதில் 'கிங் காங்' என்ற ஒரே உருப்படிக்குள் 1971-ம் ஆண்டு வாசிப்பும் 1982-ம் ஆண்டு வாசிப்பும் ஒட்டுப்போட்டு இருக்கும். வேறு குழு, இடையில் பதினோரு வருடம். நான் ஒட்டியது அடுத்தடுத்த இரண்டு ராத்திரி. யாரிடம் போய்க் கேட்டாலும் லைவ் ஆல்பம் என்றால் அப்படித்தான் என்பார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் அவர் ஒட்டியது தன் இசையைத் தன் இசையோடு. நான் ஒட்டியது இன்னொருவர் வாங்காத சிரிப்பை. முதல் நாள் பாடகரே வாங்கிய சிரிப்புதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். அதற்குப் பதில் சொல்ல முடிவதில்லை.

இன்னொன்று. பாலி பெவிலியன் நிகழ்ச்சிக்கு நாலு மாதம் கழித்து, 1971 டிசம்பர் 10 அன்று, லண்டன் ரெயின்போ தியேட்டரில் ஒருவன் மேடையேறி ஸாப்பாவைக் கீழே தள்ளிவிட்டான். பல மாதம் சக்கர நாற்காலி. அந்தக் குழு அதோடு முடிந்தது. அந்த ரெக்கார்டு 1972-ல் வெளிவந்தபோது அதில் வாசித்த குழு இல்லை. எங்கள் குழுவுக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை, எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். ஆனாலும் வந்தவர்கள் மறந்துவிடுவார்கள், டிரம்மருக்கே பதினோரு படி ஞாபகம் இல்லை. போன வருடம் கேட்டேன். "அங்க நேரா கிடார்தானே வரும்?" என்றார். அவரே ஆல்பத்தைக் கேட்டுக் கேட்டு அப்படி ஆகிவிட்டார்.

மூலப் பதிவு என் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. பாடகருக்கு அனுப்பலாம் என்று இரண்டு மூன்று தடவை நினைத்து அனுப்பவில்லை. எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வேன்? இதற்கிடையில் வேறு ஒரு குழுவின் நேரடிப் பதிவில், கைதட்டல் சோகையாக இருந்த இடத்தில் அடுத்த பாட்டின் கைதட்டலை எடுத்துப் போட்டேன். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

போன மாதம் பாடகர் போன் செய்தார். புது நிகழ்ச்சி, மறுபடியும் நேரடிப் பதிவு, நீங்கதான் பண்ணணும் என்றார். தேதியெல்லாம் பேசி முடித்தபின், "ஆடியன்ஸுக்கு எத்தனை மைக் வைப்பீங்கண்ணா?" என்று கேட்டார். நாலு என்றேன். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு.

"பின்னால எதுக்குண்ணா?"

பின்வரிசையில் ஒருவர் மட்டும் சிரித்தால் முன் மைக்குக்கு அது சரியாக எட்டாது என்றேன். இருபது மீட்டர், 58 மில்லி நொடி என்று ஆரம்பித்து, ட்ராக்கை எப்படி நகர்த்துவது என்பது வரைக்கும் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனேன். அவர் குறுக்கே பேசவில்லை. நான் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிண்ணா" என்றார்.