வாடிவாசலுக்கு முந்திய 48 மணி நேரம்

கொரோனா போன்ற பெருந்தொற்றுக் காலத்தில் ஜல்லிக்கட்டுப் போட்டி நடத்தலாமா என்ற பேச்சு மதுரைப் பக்கம் வந்தால், ஐந்து நிமிடத்தில் அது பண்பாடா உயிரா என்று திரும்பிவிடும். சுகாதாரத் துறையில் களப்பணி பார்க்கிறவர்களுக்கு அந்த வாதத்தில் பிடி கிடைப்பதில்லை. எங்களுக்கு இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். உத்தரவு எந்தத் தேதியில் வருகிறது? ஆய்வகத்தில் ஒரு நாளைக்கு எத்தனை மாதிரி ஓடும்?

2022 தைப்பொங்கலை எடுத்துக்கொள்வோம். கொரோனாவின் ஒமிக்ரான் வகை ஏறிக்கொண்டிருந்த நேரம். ஜனவரி 13 அன்று தமிழ்நாட்டின் ஒரு நாள் தொற்று 20,000-ஐத் தாண்டியது. 14 முதல் 18 வரை கோயில்களில் பக்தர்களுக்கு அனுமதி இல்லை. 16-ஆம் தேதி ஞாயிறு முழு ஊரடங்கு என்பதால் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு 17-க்குத் தள்ளிப்போனது. ஜல்லிக்கட்டுக்கான நிபந்தனைகள் வந்தது ஜனவரி 10-இல்: மாடுபிடி வீரர்கள் 300 பேருக்கு மேல் கூடாது; பார்வையாளர்கள் 150 பேர் அல்லது இருக்கையில் பாதி, இதில் எது குறைவோ அது; காளையோடு உரிமையாளரும் ஓர் உதவியாளரும் மட்டும்; இரண்டு தவணை தடுப்பூசி; 48 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர். நெகட்டிவ் சான்று. அவனியாபுரம் ஜல்லிக்கட்டு 14-ஆம் தேதி.

அந்த நான்கு நாளைக் கூறுபோட்டுப் பாருங்கள். 12-ஆம் தேதி காலைக்கு முன் எடுத்த மாதிரி செல்லாது. 13 இரவுக்குள் முடிவு கைக்கு வர வேண்டும். 500 காளைக்கு டோக்கன் என்றால் காளைக்கு இருவராக 1,000 பேர், வீரர்கள் 300 பேர். ஓர் ஊருக்கு மட்டும் 1,300 மாதிரி. மறுநாள் பாலமேடு. காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளியின் மாதிரியும் அதே இயந்திரத்தில்தான் ஓட வேண்டும். மூச்சுத்திணறலோடு படுத்திருப்பவரின் முடிவு ஒரு நாள் பிந்துகிறதா என்பதுதான் நியாயமான கேள்வி. விவாத மேடைகளில் அதை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

மாதிரி எடுப்பதிலும் தவறு நடக்கும். "தம்பி, கொஞ்சம் அண்ணாந்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, மூக்கின் அடித்தளத்தை ஒட்டிக் குச்சியைக் கிடையாக உள்ளே விட வேண்டும். மேல் நோக்கிக் குத்தக் கூடாது. பின்தொண்டைச் சுவரில் தட்டிய பிறகு சில நொடி நிறுத்தி, சுழற்றி எடுத்து, வி.டி.எம். குழாய்க்குள் (மாதிரியைக் கெடாமல் காக்கும் திரவம் உள்ள குழாய்) விட்டுக் குறியிட்ட இடத்தில் ஒடிக்க வேண்டும். ஆள் தலையைப் பின்னுக்கு இழுத்ததும் பாதியில் எடுத்துவிட்டால் மூக்கின் வாசலில் தொட்டதுதான் மிச்சம். தொற்று இருப்பவருக்கும் நெகட்டிவ் வரும். வரிசை நீளமாக, இருட்டும் நேரத்தில், இந்தத் தவறு கூடும். குழாயின் மேல் மார்க்கரால் எழுதிய எண்ணை சானிட்டைசர் ஈரக் கை அழித்துவிடும். அதனால் ஸ்டிக்கரில் எழுதி, அது நன்றாக ஒட்டிய பிறகே மாதிரி எடுப்பது நல்லது. நிரப்பிய குழாய் 2 முதல் 8 டிகிரிக்குள் ஐஸ் பெட்டியில் நிமிர்ந்து நிற்க வேண்டும். படுக்க வைத்தால் கசியும், கசிந்த குழாயை ஆய்வகம் திருப்பி அனுப்பும்.

ஊரில் கூப்பிடும் பெயர் டோக்கனில் இருக்கும், ஆதாரில் வேறு பெயர் இருக்கும். ஒரே ஊரிலிருந்து வரும் பத்து வீரர்கள் ஒரே அலைபேசி எண்ணைக் கொடுப்பார்கள். பத்து பேரின் முடிவும் அந்த ஒரு போனுக்கே போகும். காலையில் அந்தப் போன்காரர் வர நேரமானால் மற்ற ஒன்பது பேரும் வாசலில் நிற்பார்கள். வீரருக்குக் கொடுத்த பனியனை மாற்றிக்கொண்டு இன்னொருவர் இறங்கிவிட்டாலோ, அத்தனை சோதனையும் வீண். பெயரையும் முகத்தையும் களத்தின் வாசலிலேயே ஒத்துப் பார்க்காவிட்டால் சான்றிதழுக்கு அர்த்தமே கிடையாது.

பனிச்சறுக்கு நடனப் போட்டிகளை நடத்துகிறவர்களும் இதே கணக்கைத்தான் போட்டார்கள். 2020 மார்ச் 16-இல் மான்ட்ரியலில் தொடங்கவிருந்த உலகப் போட்டி மார்ச் 11-இல் ரத்தானது. இடையில் ஐந்தே நாள். வருடம் முழுக்க உழைத்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட அடி என்பது மாடு வளர்க்கிறவர்களுக்குப் புரியும். 2021 மார்ச்சில் ஸ்டாக்ஹோமில் பார்வையாளர் இல்லாத அரங்கில் நடத்தினார்கள். விடுதியும் அரங்கமும் தவிர வேறெங்கும் போகக் கூடாது, திரும்பத் திரும்பப் பரிசோதனை. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கான இடங்கள் அந்தப் போட்டியின் முடிவை வைத்தே பிரிய வேண்டியிருந்ததால் தள்ளிப்போடுவதும் எளிதாக இல்லை. ஒற்றையர் பிரிவில் 60-க்கு 30 மீட்டர் தளத்தில் பயிற்சிக்கு ஒரே நேரத்தில் இறங்குவது அதிகபட்சம் ஆறு பேர். அரங்கக் கதவைப் பூட்டினால் வெளியே கூட்டம் கிடையாது.

நம் களம் அப்படி இல்லை. ஒரு சுற்றுக்கு ஐம்பது பேர் இறங்கினால், வாடிவாசலின் இரு பக்கமும் தோளோடு தோள் உரசி நிற்பார்கள். கயிறு அவிழ்ந்ததும் முகக்கவசம் யார் முகத்திலும் நிற்காது. திமிலைப் பிடித்து மூன்று துள்ளல் தாங்குகிறவருக்கு வாய் திறந்துதான் மூச்சு வாங்கும். நல்லவேளையாக அது திறந்தவெளி, நொடிக்கணக்கில் முடிகிற காரியம். எனக்கு அதைவிடப் பயம் தருவது காளைகள் வரிசையில் நிற்கும் குறுகிய பாதைதான். அங்கே மணிக்கணக்கில் காத்திருப்பு, ஒரே தண்ணீர்க் குடம், பகிர்ந்து குடிக்கும் டீ. கேலரியில் 150 பேர் என்று எண்ணிவிடலாம். தெருவிலும் மொட்டைமாடியிலும் நிற்பவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

2020-இலும் 2021-இலும் அழகர் வைகைக்கு வரவில்லை. திருக்கல்யாணத்தை மக்கள் வீட்டிலிருந்தே பார்த்தார்கள். அதைத் தாங்கிக்கொண்ட ஊர் இது. அதனால் ரத்து என்றாலும் மதுரை ஏற்கும், நடத்து என்றாலும் ஒழுங்காக நடத்தும் என்றே நம்புகிறேன். நான்கு நாளுக்கு முன் முடிவு சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை. மூன்று வாரத்துக்கு முன்பே ஆய்வகத்தின் திறனைக் கேட்டு, நோயாளிகளுக்கு வேண்டியதை முதலில் ஒதுக்கி, மிச்சத்துக்கு ஏற்றபடி டோக்கன் கொடுக்க வேண்டும். மிச்சம் 400 மாதிரி என்றால், காளை நூறுதான், வீரர்கள் இருநூறுதான். மிச்சமே இல்லை என்றால் அந்த ஆண்டு போட்டி வேண்டாம்.

நடந்துவிட்டால், மாலையோடு வேலை முடியாது. எந்தச் சுற்றில் யார் இறங்கினார் என்று சுற்றுவாரியாக ஒரு நோட்டு வேண்டும். சிவகங்கையிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் வந்தவர்கள் இரவோடு இரவாக மாட்டை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். நான்காம் நாள் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், அவரோடு அதே சுற்றில் நின்ற ஐம்பது பேரையும் அன்றே கூப்பிட வேண்டும். ஒவ்வொருவருக்கும் சொந்த எண், வீட்டில் இன்னொருவரின் எண், ஊரின் ஒன்றியப் பெயர். இந்த மூன்றையும் பனியன் கொடுக்கும் மேஜையிலேயே எழுதி வாங்கிவிட வேண்டும். பனியனைப் போட்டுக்கொண்டு போன பிறகு யாரும் திரும்பி வந்து நம்பர் சொல்வதில்லை.