ஆன்லைனில் வாங்கிய நாலு டயரில் இரண்டு 2022 சரக்கு

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் ஸ்விஃப்ட் காருக்கு நாலு டயரையும் மாற்றிவிட நினைத்தேன். டயரின் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடு) தேய்ந்து, ஈரத்தில் பிரேக் பிடித்தால் வண்டி இழுத்துக்கொண்டு போனது. செப்டம்பர் 22, 2025-ல் டயர் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறையும்வரை காத்திருந்தேன். அதுவரை சரி.

மன்னார்குடியில் வழக்கமான கடையில் 165/80 ஆர்14 சைஸ் டயர் ஒன்று 4,900 ரூபாய் என்றார்கள். ஆன்லைனில் அதே கம்பெனி, அதே பட்டன், 4,350. நாலுக்கு 2,200 மிச்சமாகிறதே என்று ஆர்டர் போட்டேன். வீட்டுக்கே வரும் என்றார்கள். வந்ததோ தஞ்சாவூர் பார்சல் ஆபீசுக்கு. நானே போய், பின் சீட்டை மடக்கி ஏற்றி வந்தேன்.

மாட்டுவதற்கு அதே கடைக்குத்தான் போனேன். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, தேதி பாத்தீங்களா?" என்றார். வீட்டில் தேடியிருந்தேன், கண்ணில் படவில்லை. டயரின் பக்கவாட்டில் டிஓடி (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நாலு இலக்கம்தான் தயாரித்த தேதி. முதல் இரண்டு இலக்கம் எத்தனையாவது வாரம் என்பது, அடுத்த இரண்டு இலக்கம் எந்த வருடம் என்பது. அது பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில்தான் முழுசாக இருக்கும். நான் மறுபக்கத்தைப் பார்த்திருக்கிறேன்! இரண்டில் 3025. மற்ற இரண்டில் 1122, அதாவது 2022 மார்ச். மூன்றரை வருடம் எந்த குடோனில் வெயில் பட்டுக் கிடந்ததோ. ரப்பர் இறுகிப்போனால் மழையில் பிடிப்பு குறையும்.

விற்றவர்களுக்குப் போன் செய்தால், "சைஸ் சரிதானே சார், மாட்டிக்கோங்க" என்கிறார்கள். மாட்டியிருந்தால் அதோடு போயிருக்கும். மாட்டிய டயரைத் திரும்ப எடுப்பதில்லை என்று பில்லிலேயே இருந்தது. ஸ்டிக்கரைக்கூடக் கிழிக்காமல், தேதி தெரிய போட்டோ எடுத்து தினமும் அனுப்பினேன். ஒன்பதாவது நாள் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் எங்கள் பின்கோடுக்கு வந்து எடுக்க ஆள் இல்லையாம். மறுபடி தஞ்சாவூர், பார்சல் கூலி 600 என் கையிலிருந்து. இரண்டு டயரின் பணம் 8,700 முழுசாக வந்துவிட்டது. அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மீதி இரண்டைக் கடையிலேயே வாங்கினேன். அப்போதுதான் தெரிந்தது, அவர் சொன்ன 4,900-ல் மாட்டுக்கூலி, வால்வு, பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சமன் செய்வது) எல்லாம் அடக்கம். நாலாக எடுத்தால் அலைன்மென்ட்டும் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) இலவசம். நான் கொண்டுபோன இரண்டை மாட்ட 500, அலைன்மென்ட்டுக்கு 400 தனியாகக் கொடுத்தேன். எல்லாம் சேர்த்து 20,000. முதலிலேயே அங்கே வாங்கியிருந்தால் 19,600. இதில் தஞ்சாவூருக்குப் போய்வந்த பெட்ரோலைச் சேர்க்கவில்லை.

விலை விசாரிக்கும்போது "எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று கேளுங்கள். ஆன்லைனில்தான் வாங்குவீர்கள் என்றால், பணம் கட்டுமுன் எந்த வாரத்துச் சரக்கு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நேற்று நல்ல மழை. வடுவூர் தாண்டி ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக்கை அழுத்தினேன், வண்டி நேராக நின்றது.